அறுபத்தாறு வீதம்

சார்ஜாவுக்கு வெளியே குளிரூட்டிய களஞ்சியம்.
அறுநூறு லாச்சி, லாச்சிக்கொரு பாம்பு.
ஒன்பது வருசம் அவற்றுக்குத் தண்ணீர் வைத்தேன்,
கழற்றிப் போட்ட சட்டைகளைக் கூட்டி அள்ளினேன்,
வியாழன் தோறும் எலி கொடுத்தேன்.
சம்மாந்துறைக்குச் சொன்னது: ஸ்டோர் கீப்பர்.
பொய்யில்லை.

வாழைப்பழம், பட்டர், கோப்பி, இலவங்கம்.
கடைத்துண்டு அல்ல, நிறங்களின் பெயர்.
சிலந்தி என்றும் ஒரு நிறம்,
முதுகெல்லாம் மெல்லிய வலை.
வலையோடு ஒரு தலைச்சுற்றும் சேர்ந்தே பிறக்கும்;
எலியைக் குறிவைத்துக் காற்றைக் கடிக்கும்.
வாங்க வந்த ஒருவர் மட்டும் கேட்டார்:
ஏன் தலை ஆடுகிறது?
"அழகாக ஆடுகிறது" என்றார் முதலாளி.
நான் மூடியை மூடினேன்.

வெள்ளைக்குத்தான் கிராக்கி.
வெள்ளை எடுக்க வெள்ளை தேவையில்லை.
மண்ணிறத்தில் இரண்டு போதும்,
பார்வைக்குச் சாதா,
உள்ளே ஆளுக்கொரு பாதி வெள்ளையை
மடித்து வைத்திருக்கிற இரண்டு.
சேர்த்துவிட்டு, முட்டையைப் பிரித்தெடுத்து
முப்பத்தொன்றரைப் பாகையில் ஐம்பத்தெட்டு நாள்.
நாலில் ஒன்று வெள்ளை.
அது கணக்கு. முட்டைக்குக் கணக்குத் தெரியாது:
ஒரு தரம் ஏழில் நாலு வந்தது,
பிறகு மூன்று சூலுக்கு ஒன்றுமேயில்லை,
முதலாளி என்னைத்தான் ஏசினார்.

மிச்சமெல்லாம் மண்ணிறக் குட்டிகள்.
அவற்றின் லேபலில் என் கையெழுத்து:
66%.
மூன்றில் இரண்டு உள்ளே சுமக்கும்,
எந்த இரண்டு என்று
தோலைத் தடவிச் சொல்லேலாது.

அம்பாறை ஆஸ்பத்திரி. ஜெஸீறாவுக்கு மூன்றாம் மாதம்.
அவளுடைய இரத்தத்தைப் பார்த்துவிட்டு
என்னுடையதையும் கேட்டார்கள்.
டொக்டர் துண்டை எடுத்து நாலு கட்டம் கீறினார்.
முதல் கட்டத்தை நிரப்ப முந்தி
"நாலில் ஒன்று" என்றேன்.
"எங்க படிச்சீங்க?"
"ஸ்டோர் கீப்பர், டொக்டர்."

ஓட்டோவில் ஜெஸீறா பேசவில்லை.
மல்வத்தை தாண்டித்தான் கேட்டாள்.
அறுநூறு லாச்சியையும் அவளுக்கு
அப்போதுதான் திறந்தேன்.
"மறுகா, அந்த நாலாவதை என்ன செய்வாங்க?"
"அதுக்குத்தான் ஆகக் கூடின விலை."
வெளியே பார்த்தாள். வட்டை முழுக்கக் கதிர்.
"நமக்கு மாசத்துக்கு மாசம் இரத்தம்" என்றாள்.

அந்த முன்மாரி வெட்டில் ஒருநாள்
மெசின் நடுக் கண்டத்தில் நின்றது.
முன்னால் வெங்கிணாந்தி,
உழவு மெசின் டயரளவு சுருள்.
மண்வெட்டியோடு ஏழெட்டுப் பேர்.
ஒருத்தருக்கும் சொல்லாத தொழிலை
எல்லார் முன்னாலும் செய்தேன்:
கழுத்துக்குப் பின்னால் ஒரு கை,
நடுவயிற்றுக்கு மறு கை,
அவசரமில்லாமல்.
வாழைப்பழமில்லை, பட்டரில்லை,
வைக்கோலில் பழைய தேயிலைச்சாயம் கொட்டிய நிறம்,
யாரும் யாரோடும் சேர்த்துவிடாத நிறம்.
வனசீவராசிக்காரர் வரும்வரை உரச்சாக்கில் இருந்தது.
ஜெஸீறா வரம்பில் நின்று கேட்டாள்:
"இதுக்குள்ள என்ன இருக்கு?"
"தெரியா" என்றேன்.
ஒன்பது வருசத்தில் அப்படிச் சொல்ல
எனக்குச் சம்பளம் தரவில்லை யாரும்.

மகளுக்கு இப்போது பதினெட்டு மாதம்.
கன்னம் சிவப்பு, ஈரல் அளவோடு,
நாலாவது கட்டத்தில் அவள் இல்லை என்று
கடிதத்தின் முதல் பந்தி.
சுமக்கிறாளா என்பது இரண்டாம் பந்தி.
முதல் பந்தியோடு மடித்துவிட்டாள் ஜெஸீறா.
வாசிப்போம், அவசரமில்லை, அவள் ஒன்றும்
யாருக்கும் அனுப்ப இருக்கிற பெட்டியில்லை.

கடிதம் அலுமாரியின் கீழ் லாச்சிக்குள்.
பிள்ளை நேற்றுத்தான்
லாச்சி இழுக்கப் பழகினாள்.