ஒன்றரை அங்குலம்

போயா விடுமுறை. பக்கத்துச் சில்லறைக்கடை பூட்டு.
இரண்டு இரும்பு முக்காலிகளில்
மூக்கைத் தூக்கி வைத்து நிற்கிறது ஸ்பிட்ஃபயர்.
அறுபத்தெட்டாம் ஆண்டு. பச்சை என்கிறது பதிவுப் புத்தகம்.
வெள்ளவத்தைக் கடற்காற்று வேறு சொல்கிறது.

"இன்னும் ஏன் பணிக்க? ஏற்கெனவே குனிஞ்சுதானே நிக்குது."
சில்லுக்கும் மட்கார்டுக்கும் இடையில்
நாலு விரலை விட்டுக் காட்டுகிறேன்.
இந்த இடம் இருக்கக்கூடாது, ஜசிந்தா.
"ஒண்டுமில்லாத இடத்துக்கா
இருபத்தெட்டாயிரம்?"

ஸ்பிரிங்கை நெரிக்கும் கொளுக்கிகள்
பஞ்சிகாவத்தையில் இரவல். புரி தேய்ந்தவை.
வார்ட்டில் நாடி பிடிக்கும் குரலில் அவள் எண்ணுகிறாள்.
இந்தப் பக்கம் ஐந்து முறுக்கு,
அந்தப் பக்கம் ஐந்து.
சுருள்கள் ஒன்றையொன்று தொடப் போகும் நேரம்
ரயில்.

மதில் நடுங்குகிறது.
ஜாக்கியின் கைப்பிடி கிணுகிணுக்கிறது.
எங்கள் இரண்டு தாடைகளுக்கும் நடுவே
சுருண்டிருக்கிறது அரைக் கார்ப் பாரம்.
ஒழுங்கை முனையில் ஒரு கணம் தெரிந்து
பாணந்துறைக்குப் போகிறார்கள்
கதவில் தொங்குகிறவர்கள்.

அடிபட்ட கார்களுக்கு விலை எழுதுவது என் தொழில்.
வளைந்ததற்கு இவ்வளவு. உடைந்ததற்கு இவ்வளவு.
இன்னும் தெறிக்காத ஒன்றுக்கு
படிவத்தில் கட்டமில்லை.

"பதினெட்டு" என்றாள், ரயில் போனபின்.

வெளியே எடுத்துத் தளர்த்தியபோது
பழைய ஸ்பிரிங் துள்ளவில்லை.
முனகிக்கொண்டு மெல்ல நீண்டு
கட்டைக்குட்டையான புதியதன் பக்கத்தில்
ஒரு சாண் உயர்த்தியாய் நின்றது.
கிறீஸ் கையால் அவள் நெற்றியைத் துடைத்தாள்.
நான் சொல்லவில்லை.

பின்னேரம் காலி வீதி.
நூறாம் இலக்க பஸ்ஸின் சில்லு ஆணிகள் கண்ணுக்கு நேரே.
ஆட்டோவின் புகை நேராக எங்களுக்கே.
சிக்னலில் ஒரு தெருநாய்
குனியாமல், நிமிராமல்
என்னைப் பார்த்தது.
வளைவில் மட்டும், சத்தியமாக,
கார் சரியவேயில்லை. ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போனது.
"ம்" என்றாள். அந்த "ம்" எனக்குப் போதும்.

திரும்பி வந்தால்
எங்கள் படலையின் வடிகால் மூடி
வயிற்றைப் பிடித்துக்கொண்டது.
கர்ர்ர். பின்னுக்கு எடுத்தேன். மறுபடி கர்ர்ர்.
மாடி ஜன்னலில் பெரோஸா தாத்தா,
அவருக்குப் பின்னால் இரண்டு பேரன்கள்.

ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்து
ஜசிந்தா இறங்கினாள்.
கார் ஒரு விரல் எழும்பியது.
சத்தமில்லாமல் உள்ளே போனது.

"நல்லம். உங்கட காருக்கு நான் பாரம்."
கொண்டியைப் போட்டாள்.
"பின்பக்கம் எப்ப? அடுத்த போயாவுக்கோ?"