வாயிற்காரன்

ரைத் என்கிறார்கள்.
எழுதும்போது முன்னால் ஒரு டபிள்யூ வந்து நிற்கும்,
கூப்பிட்டால் வாய் திறக்காது.
நெளிதல். வலி தாளாமல் புரளுதல்.
அகராதி அலுவலகத்து ஆஸ்மண்ட் ஃபென்விக்
அந்த ஒரு சொல்லுக்காக
நாற்பது வெற்றுச் சீட்டுகளோடு வந்திருந்தார்.

யார்மத் துறைமுகம். அக்டோபர். காலை ஆறு மணி.
நீளத் தொட்டியில் கொட்டிக் கிடக்கிறது ஹெர்ரிங்.
வடக்கே, ஸ்காட்லாந்தின் ஓரத்திலிருந்து
ரயிலேறி வந்த பெண்கள்
மீன் கீறத் தயாராகிறார்கள்.

கத்தியைத் தொடுமுன் எல்ஸ்பெட்
விரல்களுக்குத் துணி சுற்றுகிறாள்.
மாவுச்சாக்கில் கிழித்த நாடா.
கட்டைவிரல், சுட்டுவிரல்,
பல்லால் இழுத்து ஒரு முடிச்சு.
கீறலில் உப்பு நுழைந்தால்
ராத்திரி முழுக்கத் தூங்க முடியாது.

ஆஸ்மண்ட் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.
ஆயிரம் வருடத்துக்கு முன்
இதே சொல்லுக்குப் புண்ணைச் சுற்றிக் கட்டுதல்
என்றும் பொருள் உண்டு.
துடிப்பதற்கும் கட்டுப்போடுவதற்கும்
ஒரே வினை போதுமாயிருந்திருக்கிறது.

கூடப் பிறந்தவர்கள் இருவர்.
சவப்பெட்டிமேல் வைக்கும் மலர்வளையம் ஒன்று.
மனம் முறுக்கிக்கொண்டால் வருகிற சினம் மற்றொன்று.
எல்லா வீட்டு வாசலிலும்
அதே ஊமை வாயிற்காரன்.

"உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வீர்கள்?"
சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

எல்ஸ்பெட் சீட்டைப் பார்க்கவில்லை.
கணக்கனின் கரும்பலகையைப் பார்த்தாள்.
நேற்று நிரப்பியது இருபத்தெட்டுப் பீப்பாய்.
எழுதியிருப்பது இருபத்தேழு.

"வ்ராங்" என்றாள்.

தப்பு. கோணல்.
அதுவும் ஒரு முறுக்கலில் பிறந்த சொல்தான்,
தூரத்துச் சொந்தம்.
மெய் மொழிக்கு முதலாகாது என்று
படித்து வளர்ந்த என் பேனா
இங்கே கொஞ்சம் தயங்குகிறது.
அவள் தயங்கவில்லை.
கீழுதட்டில் மேற்பல் பதிந்து
வ் என்று அதிர்ந்தது.
லண்டனில் எப்போதோ செத்துப்போன எழுத்து
மீன்செதிலோடு எழுந்து நின்றது.

"வ்ராங்" என்றாள் பக்கத்தில் நின்றவள்.
அதற்கடுத்தவளும்.
தொட்டி நெடுக
கத்திகள் ஒவ்வொன்றாய் நின்றன.

கணக்கன் குல்லாயைச் சரிசெய்தான்.
கடலைப் பார்த்தான், காலைப் பார்த்தான்,
நின்ற இடத்திலேயே நெளிந்தான்.
(ஆஸ்மண்ட் தேடி வந்தது இதைத்தான்.
எழுத மறந்துவிட்டார்.)

பிறகு சட்டைக்கையால் பலகையைத் துடைத்து
சுண்ணக்கட்டியை வைத்து
கையை எடுக்காமல்
ஒரு சுழியை நடுவில் முறுக்கினான்:
எட்டு.