அடுப்பில்லாத வியாழன்

புதன் பின்னேரம் காஸ் முடிந்தது.
சிலிண்டரைச் சரித்தேன், உலுக்கினேன்,
ஆளில்லாத குசினியில் அதனிடம் கெஞ்சியும் பார்த்தேன்.
வியாழனுக்குக் கொழுக்கட்டை என்று
பதினேழு பிள்ளைகளுக்குச் சொல்லியாயிற்று.
நாலு வயதுக்காரரிடம் ‘நாளைக்கு’ என்றால்
அது கடன்பத்திரம்,
கையெழுத்துத் தேவையில்லை.

ஆகவே உப்புவெளிச் சந்திக் கடையில்
ஆறு பைக்கற் மாரி பிஸ்கற்,
இரண்டு ரின்பால்,
கரண்ட் போன இருட்டில் நான் துருவிய மூன்று தேங்காய்,
நுஹாவின் வாப்பா கொடுத்துவிட்ட
ஒரு பெட்டி பேரீச்சம்பழம்.
நோன்பு மாதம்.

பாய் விரித்தோம். முப்பத்துநாலு கை கழுவினோம்.
சரியாகச் சொன்னால் முப்பத்துமூன்று.
யதுர்ணன் ஒரு கையைக்
காற்சட்டைப் பையை விட்டு எடுக்கவேயில்லை.

பிஸ்கற் உடைக்க ஒரு சட்டம் போட்டேன்:
பொலித்தீன் பைக்குள், மெல்ல, ஆளுக்கு மூன்று தட்டு.
சட்டம் அரை நிமிடம் உயிரோடிருந்தது.
டிலுக்ஷன் பையின் மேல் ஏறிக் குதித்தான்.
பிறகு எல்லாரும் குதித்தார்கள்.
கேதுஷா மட்டும் ஓரமாக இருந்து
ஒவ்வொரு பிஸ்கற்றின் எழுத்தையும் தடவி
‘இதுக்கு நோகுமா ரீச்சர்’ என்று கேட்டுக் கேட்டு
இரக்கமில்லாமல் உடைத்தாள்.

ரின்பால் இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா,
மாவட்டக் கச்சேரியில் நம் கோவை
மேசைக்கு மேசை நகர்கிற வேகத்தில்?
பதினாறு வாய் திறந்தபடி நின்றது.
ஒன்று மூடியிருந்தது.

‘நான் நோன்பு’ என்றாள் நுஹா.
ஐந்து வயது இன்னும் ஆகவில்லை.
கன்னத்தில் காலைச் சொதி
மஞ்சளாகக் காய்ந்திருந்தது.
‘உம்மாவும் நோன்பு. ராத்தாவும் நோன்பு.’
நான் வாதாடவில்லை.
உருட்டலாமா என்று கேட்டேன்.
யோசித்தாள். உருட்டலாம்.

உருண்டை என்றுதான் சொல்லிக் கொடுத்தேன்.
வந்தவை வேறு:
ஒரு பாம்பு,
அது போட்டதாகச் சொல்லப்பட்ட இரண்டு முட்டை,
கோட்டைவாசலில் கடதாசி தின்கிற மான் ஒன்று,
கொம்புக்குப் பேரீச்சங்கொட்டை.
கொட்டையை எடுக்கச் சொன்னேனே என்றேன்.
கொம்பில்லாட்டி அது ஆடு ரீச்சர் என்றார்கள்.
அஷ்விகன் நீளமாக ஒன்று பிடித்து
தேங்காய்ப்பூவில் தள்ளிவிட்டான்.
‘அப்பாட போட்.’
தேங்காய்ப்பூ விலகி வழிவிட்டது.

அப்போதுதான் நண்டு புறப்பட்டது.

விரல்நகமளவு கடற்கரை நண்டு,
காற்சட்டைப் பைக்குள்ளிருந்து,
தட்டின் குறுக்கே, பக்கவாட்டில்,
பாம்பைத் தாண்டி, மானைத் தாண்டி,
ரின்பாலில் ஒரு காலை நனைத்துக்கொண்டு.
பதினாறு பிள்ளைகள் ஒரே பாயில் சுருண்டார்கள்.
யதுர்ணன் மட்டும் அழுதான்:
‘அதுக்கும் குடுக்கத்தான் கொண்டந்தனான்.’
அது அலுமாரிக்கடியில் போயிற்று.
கால்தடம் பதிந்த ஐந்து உருண்டைகளை
நானே சாப்பிட்டேன், வேறென்ன செய்வது.

தின்று முடித்து எல்லாரும் முற்றத்துக்கு ஓடிய பிறகும்
நுஹாவின் உருண்டை அவள் உள்ளங்கையில்.
பங்குனி வெயில்.
உருண்டை முதலில் வியர்த்தது,
பிறகு விரலிடுக்கால் இறங்கி
மணிக்கட்டைக் கடந்து முழங்கைக்குப் புறப்பட்டது.
அவள் திரும்பி நின்று நக்கினாள்.
நான் பார்த்ததைப் பார்த்தாள்.
‘நான் தின்னல்ல ரீச்சர்.
கை கழுவுறேன்.’

பன்னிரண்டுக்கு ஓட்டோவோடு வாப்பா வந்தார்,
உதடு வெடித்து, கண் சோர்ந்து.
‘விடிய இருந்து நோன்பு நோன்பெண்டு நிண்டா,
பிடிச்சாவா?’
பிடித்தா என்றேன்.
கையும் மிகச் சுத்தம் என்றேன்.

பாயை உதறினேன். எறும்புகளுக்கு யார் சொன்னார்களோ,
வரிசையில் வந்துவிட்டன.
வெறும் சிலிண்டரைக் கதவுப் பக்கம் உருட்டும்போது
அலுமாரிக்கடியில் ஒரு சின்னச் சத்தம்,
பிஸ்கற்றை யாரோ
சட்டப்படி, மெல்ல,
உடைப்பது போல.