நான்காம் அட்சரம்

பர்கூர் சாலையில்
கல் பாலீஷ் போடும் அந்தப் பட்டறை
ஞாயிறு மட்டும்தான் வாய் மூடும்.
அந்த ஒரு ஞாயிறைக் கேட்டோம்.
"சரி, ஆனா அந்த மூணு பலகை மேல ஏறாதீங்க,
இத்தாலிக்குப் போறது" என்றார் முதலாளி.

சவுடேஸ்வரி ஆடுகிறவள்.
காவேரிப்பட்டணத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள்,
சலங்கையைச் சீட்டுக்கு அடியில் பூட்டி.
அன்வர் பாஷா ஓசைக்காரன்,
பகலில் டோல்கேட் பக்கம்
கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டுகிறான்.
எனக்கு நட்டுவாங்கம்.

கருங்கல் பலகையின் அடிவயிற்றில்
பிளாஸ்திரி போடுவதுபோல்
ஒரு மைக்கை ஒட்டினான் அன்வர்.
அவள் குதிகால் வைத்ததும்
பூமிக்குள் ஒரு லாரி கியர் மாற்றியது.

ஒரே ஒரு தரம் சொன்னாப் போதும், அக்கா,
மீதியை மெஷின் சொல்லிக்கும்
என்றான்,
இருபத்தாறு வருஷம்
ஒவ்வொரு தரமும் சொல்லியே
வயிறு கழுவினவளிடம்.

சொன்னேன்.
தக தகிட
தக தகிட
தக த
கல்தூசு. இருமிவிட்டேன்.
ட.

மெஷினுக்கு என்ன தெரியும்?
அதையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தது.
மூன்றாம் சுற்றில் நான்காம் அட்சரம்,
'கி' உட்கார வேண்டிய இடத்தில்
என் நெஞ்சு.

அழிச்சிடறேன் என்றான்.
சவுடா கை காட்டினாள்: இரு.
அரைமண்டியிலேயே நின்று நாலைந்து சுற்று கேட்டாள்.
பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம்
கண் அசையவில்லை, கழுத்து அசையவில்லை,
விலா மட்டும் ஒரு தரம் உள்ளே போய் வந்தது.
எந்த அடவிலும் இல்லை அது.
தாளம் தப்பவும் இல்லை.

ஆறரைக்கு ஜனம் வந்தது.
சேலத்துச் சபாக்காரர்கள் இருவர்,
கல்லூரிப் பிள்ளைகள்,
பின்னால் மரச்சட்டங்களின்மேல்
ஒடிசாக்காரர்களும் ஜகதேவிக்காரர்களும்,
குளித்துத் தலை வாரியும்
காது மடலில் வெள்ளை போகாமல்.
விளக்கு என்று சொல்ல
ஃபோர்க்லிஃப்டின் இரண்டு கண்.

ஒன்பதாவது சுற்றில்
யாரோ இருமினார்.
கிண்டலுக்கு இல்லை.
கிண்டலுக்கு இருமுகிறவன்
முன்னாலேயே சிரித்துவிடுவான்.
இடப்பக்கம் இன்னொருவர்.
தூணுக்கு அந்தப் பக்கம், அடியிலிருந்து வருகிற இருமல்,
முடிய நேரம் பிடித்தது.
திறந்திருந்த மைக் அத்தனையும் வாங்கிக்கொண்டது.
ஐந்தாக இருந்தது ஏழாகி ஒன்பதாகி
கணக்கு கழன்று போயிற்று.
என் கைத்தாளம்
போட இடமில்லாமல் அந்தரத்தில் நின்றது.
சவுடா எதையும் தேடவில்லை.
ஒவ்வொன்றுக்கும் விலாவைக் கொடுத்தாள்.

"இது ஃபியூஷனா?" என்றார் சபாக்காரர்.
"ஞாயித்துக்கிழமைங்க" என்றான் அன்வர்,
ஒயரைச் சுருட்டிக்கொண்டே.

மறுநாள் கிருஷ்ணகிரி ரவுண்டானாப் பக்கம்
ஒரு டாக்டரைப் பார்த்தேன்.
நாலு நாள் மாத்திரை.
எனக்கு நாலு நாளில் போய்விட்டது.

அடுத்த மாதம் பெங்களூரில், ஏசி அரங்கம்.
சுத்தமா ஒண்ணு, இருமலோட ஒண்ணு
பதிஞ்சுக்கலாம், அக்கா, என்கிறான்.
சுத்தமானதைச் சொல்லிவிட்டேன்.
மற்றது வரவில்லை.
வரவழைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.
பழையதைப் போடலாம்தான்.
அதில் யார் யாரோ இருக்கிறார்கள்,
நோட்டீஸில் பெயர் இல்லாமல்.

நேற்று
தக த
என்று சொல்லி வாயை மூடிக் காத்திருந்தேன்.
சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குக்கர்,
ஓசூர் போகிற லாரி.
சவுடாவின் விலா தானாக உள்ளே போயிற்று,
வெளியே வர மறந்ததுபோல் கொஞ்சம் நின்றது.
ட, என்றேன்.

அன்வர் ஹெட்போனைக் கழற்றினான்.
என்னமோ தப்பா இருக்கு, அக்கா,
இன்னொரு தரம் போகலாமா?
போகலாம் என்றேன்.