பனி குடிக்கும் நேரம்

குய்செப் ஆறு என்கிறார்கள்.
மணல்தான் ஓடுகிறது.

வில்மீனா நாராப் பழத்துக்குக் கை நீட்டினாள்.
முள்ளுக்கு அடியில், மணல்மேல்
இரண்டு மிளகு.
இமைக்கவில்லை.
நாலு விரல் தள்ளிக் கறுத்த புழு ஒன்று நெளிந்தது:
வால்நுனி,
பல்லிக்கு வைத்த பொய்.

போன அறுவடையில்
இப்படியொரு புழுவைக் கிள்ளப் போனான்
அவள் தம்பி ஹெண்ட்ரிக்.
கை பூசணியாய் வீங்க
எட்டு நாள் கழுதை வண்டி சும்மா நின்றது.
பாம்பு என்னவோ ஒரு சாண்தான்.

கம்பைப் பார்த்தாள்.
பழத்தைப் பார்த்தாள். நல்ல பழுப்பு.
கழுதை வேறு தும்மித் தொலைத்தது.
போகட்டும் என்று அடுத்த புதருக்கு நடந்தாள்.

மறுநாள் விடியுமுன் வந்தால்
பழத்தில் பாதியை நரி தின்றிருந்தது.
கடலிலிருந்து பனி ஏறி
நமீபின் மேடுகளை ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டிருந்தது.
மணலை உதறி வெளியே வந்த பாம்பு
உடம்பைத் தட்டையாய் விரித்துக் கிடந்தது,
பிறகு கழுத்தை வளைத்து,
செதிலில் கோத்த துளிகளை
அவசரமில்லாமல், ஒன்றுகூட விடாமல்,
தானே நக்கிக் குடித்தது.

தண்ணீர் லாரி வர இன்னும் மூன்று நாள்.
வில்மீனா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
மயிரில் பனி கோத்த தன் மணிக்கட்டை
மெல்ல நாவில் வைத்தாள்.

உப்பு.