மாற்று நிதி ஆதாரம்

கிரிம்ஸ்பி நூலகத்தின் பின்கட்டில்
பழைய வரைபடங்கள் அடுக்கியிருந்த அறை
வியாழக்கிழமைகளில் என்னுடையது.
ஒரு மேசை, இரண்டு நாற்காலி,
காகிதக் குழல் செருகி ஊதும் கருவி ஒன்று.
பதினைந்து எண்ணும்வரை மூச்சை அடக்கச் சொல்வேன்.
பிறகு, ஊதுங்கள், மெதுவாக, கடைசிவரை.
உள்ளே எவ்வளவு புகை குடியிருக்கிறதென்று
கருவி ஓர் எண் சொல்லும்.

பிப்ரவரி முதல் வியாழனில்
வில்ஃப் கட்ஸ்ஃபோர்த் ஊதினார்: முப்பத்தொன்று.
"என் வேன் இதைவிடத் தேவலை" என்று சிரித்தார்.
சிரிப்பு இருமலாயிற்று.
இருமல் முடியும்வரை
சன்னலுக்கு வெளியே கடற்காகம் ஒன்று
யாரோ போட்ட வறுவல் பொட்டலத்தைக்
கொத்திக் கிழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தொரு மில்லிகிராம் பட்டை ஆறு வாரம்.
பதினான்கு, இரண்டு வாரம்.
ஏழு, இரண்டு வாரம்.
மாடியிலிருந்து ஒருவரைக் கைபிடித்து இறக்குவது போல.

ஐஸ்டெ மீன்விரல் ஆலையில் இரவுப் பணி.
தலைமுடியில் ரொட்டித்தூள் ஒட்டியிருக்க வருவாள்.
பட்டை அவளுக்கு அரித்தது. வேப் கருவி கொடுத்தேன்.
பதினெட்டிலிருந்து நான்கு.
ஒரு வியாழன் மறுபடி பத்தொன்பது.
"கௌனாசிலிருந்து அப்பா பேசினார்" என்றாள்,
அவ்வளவுதான்.
நான் எண்ணை எழுதிக்கொண்டேன்.

திட்டத்தைப் பார்வையிட வந்த கவுன்சிலர் கேட்டார்,
எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி?
எரியாதது, ஐயா.
அந்த வேறுபாட்டுக்குத்தான்
இந்த அறை, இந்த மேசை, என் அரைச் சம்பளம்.
அவர் தலையாட்டினார்.
ஆட்டிய தலை எந்தப் பக்கம் என்பது
மார்ச்சில் கடிதமாக வந்தது.

முடிகிறது என்று எழுதவில்லை.
நிதியாண்டின் இறுதியில் திட்டம் நிறைவடைகிறது என்றிருந்தது,
வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தது போல.

காலண்டரில் விரல்வைத்து எண்ணினேன்.
வில்ஃபின் ஏழு மில்லிகிராம்
ஏப்ரல் இரண்டாம் தேதி தொடங்க வேண்டும்.
கடைசி மூன்று படிகளில்
ஏணியை எடுத்துவிடுகிறார்கள்.

சொன்னேன். கோபப்படவில்லை.
அடுத்த வாரம் மின்கட்டண உறை ஒன்றின் முதுகில்
கணக்குப் போட்டு வந்தார்.
நாள் ஒன்றுக்கு ஒரு பாக்கெட்.
நாற்பத்தாறு வருடம்.
விலை ஏறிய வருடங்களுக்குத் தனித்தனி வரி,
பெருக்கலில் தவறிய இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தார்.
பாக்கெட்டில் அரசாங்கத்துக்குப் போன பங்கை மட்டும்
கூட்டிக் கீழே கோடு போட்டிருந்தார்.

"எங்கள் தெருவில் ஒரு வீடு வாங்கலாம்" என்றார்.
மீனில் முள்ளெடுத்த விரலால்
அறையைச் சுற்றிக் காட்டினார்:
மேசை, நாற்காலி, கருவி, நான்.
"இதெல்லாம் நான் வாங்கியது.
முன்பணம் கட்டிவிட்டேன், கண்ணே.
நாற்பத்தாறு வருடம் முன்னால்."

கடைசி வியாழன்.
மூடல் படிவத்தில் பதினோராவது கட்டம்:
மாற்று நிதி ஆதாரம் இருப்பின்
பெயரும் முகவரியும் குறிப்பிடுக.
எல்லாரும் கோடிட்டு விடுகிற கட்டம்.
நான் எழுதினேன்:
வில்ஃப் கட்ஸ்ஃபோர்த், ரட்லண்ட் தெரு.
உறையைப் பின்னால் இணைத்தேன்.

தலைகீழாகப் படித்துவிட்டுக் கேட்டார்,
"ரசீது தருவார்களா?"

அலமாரியில் ஏழு மில்லிகிராம் ஒரே பெட்டி,
ஒரு வாரத்துக்கானது.
கொடுத்தேன். கையெழுத்து வாங்கினேன்.
இரண்டாவது வாரம் பற்றி
இருவரும் பேசவில்லை.

ஊதினார். மூன்று.
கருவியை எடுத்து வைக்கப் போனேன்.
"இன்னொரு தடவை," என்றார்.
மூன்று.

காகிதக் குழலைக் குப்பைக்கூடையில் போடவில்லை.
எப்போதும் சிகரெட் ஒன்று செருகியிருந்த
வலது காதிடுக்கில் அதைச் செருகிக்கொண்டு
மழைக்கோட்டுப் பொத்தானைத் தப்பாகப் பூட்டியபடியே
படியிறங்கிப் போனார்.