எடை

நேர்காணல் எண் 0417.
செந்தூல் அடுக்ககம், பதினான்காவது மாடி.
பதினெட்டு நிமிடத்தில் முடிய வேண்டியது
நாற்பத்தொரு நிமிடம் இழுத்திருக்கிறது.
கணினி சிவப்புக் கொடி காட்டியது.
சந்தேகப்பட மட்டும்தானே
அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

பங்சார் சவுத்தில், குளிர் தாங்காமல்
சால்வை போர்த்திய ஒரு மதியத்தில்
ஒலிப்பதிவைத் திறந்தேன்.

முதலில் மூச்சு மட்டும்.
மின்தூக்கி கெட்டுப்போயிருக்க வேண்டும்.
எங்கள் களப்பணியாளன் தேவேந்திரன்
பதினாலு மாடி ஏறி வந்த மூச்சு.
பிறகு கிரில் கதவு.
"உக்காருங்க தம்பி, தண்ணி குடிங்க,
பெறகு கேக்கலாம்."

தேங்காய்ப்பால் தூள் பற்றிய ஆய்வு.
ஒன்று, துளியும் திருப்தியில்லை. ஐந்து, மிகவும் திருப்தி.
"மூனு போட்டுக்குங்க."
மணத்துக்கு மூனு. விலைக்கு மூனு.
கறியில் திரியாமல் நிற்பதற்கு மூனு.
குக்கர் விசில் அடித்தது, அதுவும் மூனு.
இப்படி ஒரே கோட்டில் பதில் சொல்பவர்களை
நீக்கிவிடச் சொல்கிறது எங்கள் கையேடு.

ஏன் மூனு என்று அவன் கேட்டது
கேள்வித்தாளில் இல்லை.
"தூளுக்குக் கொறை இல்ல தம்பி.
பாக்கெட்டப் பிரிக்கத்தான் முடியல.
கிள்ளான்ல, கையுறை பேக்டரி.
நாலு வெரலு மிசின்ல போயிருச்சி.
பல்லால கடிச்சா பாதித் தூளு நைட்டியில."

அடுத்த மூன்று நிமிடத்தை
'மௌனம்' என்று குறித்திருந்தது மென்பொருள்.
மௌனமில்லை.
சர்ரக்.
தகரத்தில் தூள் விழும் ஓசை.
சர்ரக்.
ஏழு முறை எண்ணினேன்.
வீட்டில் இருந்ததையெல்லாம் பிரித்து
டின்னில் கொட்டிக்கொடுத்திருக்கிறான்.

பேட்டி காண்பவர் உதவக் கூடாது.
உதவியவன் முகத்துக்காகக்
கூட்டிச் சொல்வார்களாம்.
இவரோ ஏழு பாக்கெட்டுக்குப் பிறகும்
மொத்தத் திருப்தி என்றதற்கு
"மூனுதான்" என்றார்.

செல்லும் என்று குறித்தேன்.

ஐம்பது தாண்டிய பி40 இந்தியப் பெண்கள்
எங்கள் மாதிரியில் குறைவு.
அதனால் அவருக்கு எடை 2.6.
அவர் தலையாட்டினால் இரண்டு பெண்கள் தலையாட்டுவார்கள்,
கூடவே பத்தில் ஆறு பங்காய் இன்னொருத்தி.
அவளுக்கு எத்தனை விரல் இருக்கும்?

விரல் கதைக்குக் குறியீடு இல்லை.
7: பாக்கெட் வடிவமைப்பு.
99: லாயின்-லாயின்.
ஏழில் போட்டேன்.

அறைக்கூட்டத்தில் அது ஒரு நீலப் பட்டை:
வசதியான பாக்கெட் கேட்போர், பதினொரு விழுக்காடு.
நிறுவனத்தார் தலையாட்டிவிட்டு
அடுத்த பக்கத்தில் நெடுநேரம் நின்றார்கள்:
இருபது கிராம் குறைந்தால் கவனிப்போர், நான்கு விழுக்காடு.
அந்த நான்கில் 0417-உம் உண்டு.
"டின்னுல கொட்டுனா கோடு எறங்கிருமே, தெரியாதா?"

ஐந்து மாதம் கழித்து, செந்தூல் பசார்.
மீன் வாங்கப் போனவள்
புதிய பாக்கெட்டைப் பார்த்தேன்.
ஓரத்தில் கிழிக்க வாகாய்ச் சின்ன வெட்டு.
முன்பு இருநூறு கிராம், இப்போது நூற்றெண்பது.
விலையில் ஒரு சென் மாறவில்லை.

மீன் பையைத் தரையில் வைத்தேன்.
இடக்கையில் நான்கு விரலை மடக்கி
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்
கிழித்துப் பார்த்தேன்.
மூன்றாவது முறைதான் பிரிந்தது.
தூள் கொஞ்சம் சட்டையில்.

கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
காசு இன்னும் கட்டவில்லை.